அத்திமரத்துத் தூளி

மகனே,

இஸ்திரிப் பெட்டியின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். பெட்டிக்குள் சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருப்பதால் சத்தியத்தைக் கொஞ்சம் சுருக்கமாகவே செய்யவேண்டியதாயிற்று. இதில் நான் சொல்லப்போகிற கதையை இந்தத் தீவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். படகேறி அக்கரையிலிருக்கும் பிறை ஊருக்குப் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பமாட்டாய். துணி வெளுக்கும் நம் துறையில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் 'புளுகு மாமா' என்று என்னைக் கூப்பிட்டுத்தான் பேச்சே கற்றுக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் மாமாவாக இருந்து பழகிய ருசியில், உனக்கு அப்பாவாக இருக்கவேண்டிய சமயங்களிலும் நான் மாமாவாகவே இருந்துவிட்டேன். அது என் முதல் குற்றம். இரண்டாவது குற்றம் அதைவிடப் பெரியது. அதற்காகத்தான் இத்தனை தாள்.

உன் கடிதம் நேற்றுப் பகல் வந்தது. உன் அம்மா கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் சபையில் பிரசங்கம் செய்பவனைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். புக்கிட் மெர்தாஜாமில் மலையடியில் புதிதாக ஒரு தெரு எழும்புகிறது, இரண்டு பக்கமும் மாடிக் கடைகள் வரப்போகின்றன, சர்வேயரின் உதவியாளன் என்ற முறையில் உன் கையில் சங்கிலியும் அளவுகோலும் சுண்ணாம்பு வாளியும் தந்திருக்கிறார்கள் என்று படித்தபோது அவளுக்கு முகம் மலர்ந்தது. தெருவுக்கு மேலே இருக்கும் மேட்டிலும், ஓடை இறங்கிவரும் கரையிலும் எந்த மரம் போகவேண்டும், எந்த மரம் நிற்கவேண்டும் என்பதை நீயே பார்த்து, போகவேண்டியதற்குச் சுண்ணாம்புக் கோடு போடு என்று சர்வேயர் சொல்லிவிட்டாராம். நீயும் இரண்டே நாளில் ஒரு மரம் பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் கோடு போட்டுவிட்டாயாம். வருகிற வெள்ளிக்கிழமை கோடாலிக்காரர்கள் வருகிறார்களாம். மேட்டுக்கு நேர் கீழே கூலிக்காரர்களின் வரிசை வீடுகள் இருப்பதையும், அவர்கள் அந்த ஓடைத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்பதையும் போகிறபோக்கில் எழுதிவிட்டு, 'வேலை முடிந்ததும் மேடு முழுக்க நீங்கள் வெளுத்துப் போட்ட வேட்டி மாதிரி பளிச்சென்று இருக்கும் அப்பா' என்று முடித்திருந்தாய்.

அந்த வரியில் உன் அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"சுண்ணாம்பு தண்ணி பட்டாப் போயிரும்ல?" என்றாள்.

"போயிரும். ஒரு கை ஈரத்துணி போதும்."

"அப்ப எழுதுங்க அவனுக்கு. கதைய வுடாம எழுதுங்க."

கதையை விடாமல் எழுது என்று சொன்னாளா, கதை விடாமல் எழுது என்று சொன்னாளா என்பது எனக்குப் புரியவில்லை. கேட்டால் உதை விழும். ஆகையால் இரண்டையும் செய்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்த நம் துறையை நீ பார்த்ததில்லை. இன்றைக்கும் ஜார்ஜ்டவுனின் அழுக்கெல்லாம் மூட்டையாக வந்து வெளுப்பாகத் திரும்பிப் போகிற இடம்தான் அது. ஆனால் அந்தக் காலத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் நான் எழுந்து நின்றுதான் சொல்லவேண்டும். மலையிலிருந்து ஓடை இறங்கி, நம் மேட்டைச் சுற்றிக்கொண்டு, பதினொரு துவைகல்லையும் தொட்டுக்கொண்டு போகும். அதில் ஒரு ஊசியைப் போட்டால் அடியில் கிடக்கும் ஊசியின் காது தெரியும். காது வழியாக அந்தப் பக்கம் போகும் மீனும் தெரியும். நேற்று ராத்திரி வானம் பொத்துக்கொண்டு ஊற்றியிருந்தாலும், காலையில் ஓடை கொஞ்சம் பருத்திருக்குமே தவிர நிறம் மாறியிராது. மழையே இல்லாத மாசி மாதத்திலும் முழங்கால் அளவுக்குக் குறையாது. இவ்வளவு மழையும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது, மழை இல்லாதபோது இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீர்மலையில் முருகன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்தோம். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், எத்தனை ஆட்களை வைத்து என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும். அந்தக் காலத்தில் வெளுத்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நகரம் முழுக்க நடந்தவன் நான். வெளுத்த துணி நனைந்தால் என் கதி என்ன என்று உனக்குத் தெரியும். ஆகையால் ஜார்ஜ்டவுனில் எந்தத் தெருவில் மழை எப்படிப் பெய்யும் என்பது கவர்னருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சூலியா தெருவில் மரம் கிடையாது. ஓடும் செங்கல்லும்தான். அங்கே மழை விழுந்த மறு விநாடி கூரையிலிருந்து கொட்டி, லோங்காங் சாக்கடை நிரம்பி, கடைக்காரனின் செருப்பைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்க்க ஓடும். கடலோரத்துப் பங்களா வீதி அப்படியில்லை. அங்கே இரண்டு பக்கமும் அங்சானா மரங்கள் கைகோத்து நிற்கும். மேலே மழை அடித்து நொறுக்கும் சத்தம் கேட்கும். கீழே நான் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்துப் போட்டு, மென்று, சிவக்கவைத்து, துப்பி முடிக்கிறவரை மூட்டையில் ஒரு பொட்டு விழாது. அதற்கப்புறமும் விழுவது மழையில்லை, சொட்டு. மழை நின்ற பிறகும் அந்த வீதியில் அரைமணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். வானம் கொடுத்ததை மரம் வாங்கி வைத்துக்கொண்டு, பொறுமையாக, மண்ணுக்கு வலிக்காமல் தருகிறது என்பது என் தலைக்குத் தெரியும். தலைக்குத் தெரிந்தது தலைக்குள் போவதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

சரி, குற்றத்துக்கு வருகிறேன். துணி வெளுப்பவனுக்கு ஓயாமல் வேண்டியது இரண்டு. வெயில் ஒன்று, துணியை ஆவியில் அவிக்கிற வெள்ளாவிக்கு விறகு ஒன்று. நம் மேட்டில் நின்ற மரங்கள் காலை வெயிலைக் கயிற்றின் மேல் விழவிடாமல் மறைத்துக்கொண்டிருந்தன. விறகோ மாட்டுவண்டியில் தொலைவிலிருந்து வரவேண்டும். ஒருநாள் துறைக்குப் பெரியவரான வீராசாமி அண்ணன், ஈரம் காயாத கோட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சூரியனைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணே, சூரியன ஏன் ஏசுறீங்க? அவரு வரத்தான் பாக்குறாரு. வழியில இத்தன பேரு நிக்கிறானுங்களே!" என்று மரங்களைக் காட்டினேன். "இத வெட்டிப் போட்டா நம்ம மேட்டுல விழுற வெயிலுக்கு, வேட்டிய ஒதறுற ஒதறல்லயே காஞ்சிரும். தும்முனா ரெண்டு வேட்டி காயும். வெறகும் நம்மளுது. மூணு வருஷத்துக்கு வெள்ளாவிக்குக் கவலையில்ல."

"மூணு வருஷமா!"

"நான் கொறச்சுச் சொல்றேன்ணே."

அன்றைக்கு அவர்கள் என்னை நம்பியதுதான் விபரீதம். அதுவரை நான் சொன்ன எதையும் நம்பாதவர்கள், இதை நம்பினார்கள். நிலத்துக்காரச் சீன முதலாளி, எங்கள் தவுக்கே, தன் நிலம் திருத்தமானால் சரி என்று தலையாட்டிவிட்டார். பதினொரு குடும்பமும் கோடாலியோடு மேட்டில் ஏறின. முதல் வெட்டு என்னுடையது. அந்தக் கௌரவத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மாதத்தில் மேடு மொட்டையாயிற்று. ஓடைக்கரையில் துவைகற்களுக்கு மேலண்டையில் நின்ற ஒரே ஒரு அத்திமரத்தை மட்டும் வெட்டாமல் விட்டோம். பின்னால் நடக்கப்போவது என் ஞானக் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்து, 'இதைத் தொடாதீர்கள்' என்று நான் கையை உயர்த்தித் தடுத்ததால்தான் அது தப்பியது என்று இருபது வருஷமாகத் துறையில் சொல்லிவருகிறேன். அதை இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

வெயில் வந்தது. ஆகா, என்ன வெயில்! முதல் மாதம் வேட்டிகள் கயிற்றில் காய்ந்து, முறுகி, அப்பளம்போல் நொறுங்கின. வீராசாமி அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு ஐப்பசி மழை பிடித்தது.

முதல் நாள் மழைக்கு மறுநாள் காலையில் நாங்கள் துறைக்கு இறங்கினால், ஓடை இருந்த இடத்தில் தேநீர் ஓடிக்கொண்டிருந்தது. பால் ஊற்றிய தேநீர். சரி, இரண்டு நாளில் தெளியும் என்று உட்கார்ந்தோம். தெளிவதற்குள் அடுத்த மழை. துணியைப் போட்டால் போட்டதைவிட அழுக்காக வந்தது. தாமதம் பொறுக்காத வீடுகளுக்கு அதிலேயே அலசிக் கொடுத்தோம். ஜார்ஜ்டவுன் முழுக்க அந்த வருஷம் தேநீர் நிறத்தில் நடமாடியது. வெள்ளைக் கால்சட்டையோடு கச்சேரிக்குப் போன குமாஸ்தாக்கள் மண்பானைகள் போலத் திரும்பி வந்தார்கள். ஒரு கப்பல் கேப்டனின் கோட்டுத் தோளில் படிந்திருந்த வண்டலில் அவரை முளைத்து, அவர் ரங்கூன் போய்ச் சேருவதற்குள் காய்த்து, மாலுமிகள் கூட்டு வைத்துச் சாப்பிட்டதாகக் கேள்வி. சிரிக்காதே. மழை விட்டு மாசி வந்ததும் வேறு கூத்து. முழங்காலுக்குக் குறையாத ஓடை கணுக்காலுக்கு வந்தது, பிறகு கட்டைவிரலுக்கு. ஒரு கெளுத்தி மீன் கரையேறி வந்து என்னிடம் ஒரு செம்பு தண்ணீர் கேட்டது. கொடுத்தேன். மழைக்காலத்தில் சேறு, வெயில்காலத்தில் கூழாங்கல். நடுவில் எங்களுக்குத் தொழில் செய்யக் கிடைத்தது மாதத்துக்கு நாலைந்து நாள்.

இவ்வளவுக்கும் காரணம் யார் என்று நாங்கள் உடனே கண்டுபிடித்துவிட்டோம். மேட்டுக்கு மேற்கே, ஓடையோரத்தில் கீரைப்பாத்தி போட்டிருந்த சீனர் ஆ செங்தான். மண்ணைக் கொத்திக் கொத்தி ஓடையில் தள்ளுகிறான், பாசனத்துக்குத் தண்ணீரையும் திருப்பிக்கொள்கிறான். வேறு யார்? அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், வானம் இருட்டிக்கொண்டு வரும்போது, நானும் வீராசாமி அண்ணனும் ஆளுக்கொரு துவைக்கிற கட்டையை எடுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனோம். நாங்கள் போய்ச் சேரவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. ஆ செங் தன் பாத்திகளுக்கு நடுவே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். பாத்தி என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் மேட்டிலிருந்து இறங்கிய செம்மண் அவர் கீரையின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு மூடிக்கிடந்தது.

"டேய், ஏன்டா தண்ணிய அழுக்குப் பண்றே?" என்று வீராசாமி அண்ணன் கட்டையை ஓங்கினார்.

ஆ செங் கட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மேட்டில் வரிசையாக நின்ற, நாங்கள் வெட்டிவிட்ட அடிக்கட்டைகளைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "லூ பொத்தோங், லூ மாரா குவா?" என்றார். நீ வெட்டிவிட்டு என்மேல் கோபப்படுகிறாயா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, ஓங்கிய கட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அண்ணனை மேட்டின் மேல் ஏற்றினார். நான் பின்னால் போனேன்.

மகனே, இனிமேல் கொஞ்ச தூரத்துக்கு நான் எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. கூட்டுவதற்கு அங்கே இடமில்லை. மொட்டை மேட்டில் மழை நேராக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் ஒரு சிறு குழி தோண்டியது. குழியிலிருந்து தெறித்த சேறு பக்கத்துக் குழியில் விழுந்தது, இரண்டும் சேர்ந்து ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஓடியது, பத்து விரல் சேர்ந்து ஒரு கையாயிற்று, அந்தக் கை மண்ணை வாரிக்கொண்டு எங்கள் துறையைப் பார்த்து இறங்கியது. அதையும் தாண்டி நாங்கள் வெட்டாமல் விட்ட பெருங்காட்டுக்குள் நுழைந்தோம். பத்தடிதான் வித்தியாசம். மேலே அதே மழை அதே சத்தத்தோடு பெய்துகொண்டிருக்கிறது. கீழே எங்கள் மேல் விழவில்லை. மேல் இலை வாங்கி அதற்குக் கீழ் இலைக்குத் தருகிறது, அது அதற்கும் கீழே இருக்கும் கொடிக்குத் தருகிறது, கொடி பாசிக்குத் தருகிறது. மரங்களின் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவனின் முதுகைப்போல மினுமினுத்தது. பட்டை வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் வேருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே பல வருஷத்துச் சருகு, நனைந்த மெத்தை மாதிரி அமுங்கியது. ஆ செங் தன் கோலை அதில் குத்தினார். ஒரு முழம் உள்ளே போயிற்று. நான் குனிந்து ஒரு பிடி சருகை எடுத்துத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கினேன். பிழிகிற தொழில்காரன் சொல்கிறேன், ஒரு போர்வையில்கூட அவ்வளவு தண்ணீர் நிற்காது. விரல் இடுக்கில் வழிந்த அந்தத் தண்ணீர் எங்கள் பழைய ஓடையின் தண்ணீர். ஊசியின் காது தெரியும் தண்ணீர். தரையில் எங்கேயும் ஓடவில்லை. அத்தனை மழையும் எங்களைச் சுற்றிப் பெய்துகொண்டிருந்தது, அத்தனையும் எங்கள் காலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது, மாசி மாதத்தில் மெதுவாக வெளியே வருவதற்கு.

வீராசாமி அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். மழை விட்டதும் இன்னொன்று நடந்தது. காட்டின் மேலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பியது. முதலில் ஒரு மரத்தின் உச்சியில், பிறகு பக்கத்தில், பிறகு மலை முழுவதும். எழுந்து, சேர்ந்து, உச்சியில் மேகமாகப் படுத்துக்கொண்டது. குடித்ததில் ஒரு பங்கை மரங்கள் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. அந்த மேகம்தான் நாளைக்கோ நாளன்றைக்கோ மறுபடி எங்கேயோ மழையாக விழும்.

"நம்ம வெள்ளாவி மாதிரியே இருக்குடா," என்றார் அண்ணன். "இத்தாப் பெரிய வெள்ளாவி. அடுப்பு எங்கடா வெச்சிருக்கான்?"

என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்குப் பொய்கூடச் சொல்லத் தோன்றாமல் நின்றது அன்றைக்கு மட்டும்தான். ஆ செங் அன்று எங்களுக்குக் கறுப்புத் தேநீர் கொடுத்தார். மறுநாளிலிருந்து மேட்டில் கன்று நட ஆரம்பித்தோம். அங்சானா, பலா, மூங்கில், கிடைத்ததையெல்லாம் நட்டோம். வெட்டுவதற்கு ஒரு மாதம் போதுமாயிருந்தது. நட்ட கன்று என் இடுப்புக்கு வருவதற்கே ஒரு வருஷம் கேட்டது. மழை ஒரு வருஷம் காத்திருக்கவில்லை.

அப்போது உனக்கு ஒன்றரை வயது. உன் தூளி அத்திமரத்துக் கிளையில் தொங்கும். துறையில் அப்போது மிச்சமிருந்த ஒரே நிழல் அது. அன்றைக்குத் துறையில் நல்ல வெயில். மலையில் மட்டும் கருப்பாக இருந்தது. நான் மூட்டை கொடுக்க டவுனுக்குப் போயிருந்தேன். மலை இருட்டுகிறதே என்று உன் அம்மா உன்னைத் தூங்கவைத்துவிட்டு, ஓடையைக் கடந்து அந்தப் பக்கக் கயிற்றில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள். முழங்கால் தண்ணீரைத் தாண்டி ஐம்பது அடி. பாதித் துணி எடுத்திருப்பாள். மேட்டைச் சுற்றிக்கொண்டு அது வந்தது.

எவ்வளவு உயரம் என்று கேட்டால், தென்னை உயரம் என்று சொல்வேன். முன்னால் ஒரு முதலை வழிகாட்டிக்கொண்டு வந்தது என்று சொல்வேன். நான் டவுனிலிருந்து ஓடி வந்த வேகத்தில் டிராம் வண்டி என்னைப் பார்த்து வெட்கப்பட்டுத் தண்டவாளத்தில் நின்றுவிட்டது. வந்ததும் குதித்தேன், முதலையின் முதுகில் ஒரு காலை ஊன்றினேன், வெள்ளத்தைக் குறுக்கே நீந்தி உன்னை அள்ளிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தேன். எங்கள் துவைகற்களில் ஒன்பது, படகுக்கு டிக்கெட் எடுக்காமலே பிறை வரைக்கும் போய்விட்டன. நீ தூளியில் எழுந்து உட்கார்ந்து, 'இடப்பக்கம் திருப்பு' என்று வெள்ளத்துக்கு உத்தரவு போட்டாய். இந்தக் கதையை நீ சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டுச் சிரித்திருக்கிறாய்! பள்ளிக்கூடத்தில் நீ இதைச் சொன்னபோது வாத்தியார் உன் காதைத் திருகினார் என்று அழுதுகொண்டு வந்தாயே, அன்றிலிருந்து நீ என்னை நம்புவதை நிறுத்திவிட்டாய். நியாயம்தான். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் நீ என்னை ஒரே ஒரு தடவை நம்பவேண்டியிருக்கிறது. உன் மேட்டுக்குக் கீழே வரிசை வீடுகள் இருக்கின்றன. அங்கேயும் யாராவது ஒருத்தி பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஐம்பது அடி தள்ளிப் போயிருப்பாள்.

ஆகையால் சத்தியம் செய்த கையாலேயே பொய்களைக் கழிக்கிறேன். கேட்டுக்கொள்.

முதலை கிடையாது. தென்னை உயரமும் கிடையாது. கேப்டன் கோட்டில் அவரை காய்க்கவில்லை. நான் நீந்தவில்லை, ஆயுள் முழுக்கத் தண்ணீரில் நின்ற எனக்கு நீச்சல் தெரியாது. நான் வந்து சேர்ந்தபோது உன் அம்மா அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தாள், நான் இந்தக் கரையில் நின்றேன், மரத்தின் இரண்டு பக்கமும் வெள்ளம் ஓட, நடுவில் தூளியில் நீ இருந்தாய். அவள் கயிற்றை மரத்தை நோக்கி வீசிக்கொண்டே இருந்தாள். எட்டவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்து, என் கோடாலியின் முதல் வெட்டு விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் கல்லிலிருந்து ஒன்பதாம் கல் வரை கரையே பெயர்ந்து போயிற்று. அத்திமரம் நின்ற இடத்தில் மட்டும் பெயரவில்லை. அதன் வேர்கள் கரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து போயிற்று. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதே. வந்த வேகத்திலேயே வடிந்தது.

இன்னொரு பொய்யும் இருக்கிறது, இதுதான் பெரியது. அந்த மரத்தை என் ஞானக் கண் காப்பாற்றவில்லை. வெட்டுவதற்குக் கோடாலியோடு நானேதான் போனேன். உன் அம்மா கிளைக்கடியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாங்க, கண்ணு தெரியல? புள்ள இப்பத்தான் தூங்குறான். நாளைக்கு வாங்க."

நாளைக்குப் போனேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அதற்கு மறுநாள் போனேன். "ஐயோ, போங்கலா! ராப்பூரா அழுதுட்டு இப்பத்தான் கண்ண மூடுனான்," என்றாள். நாலாம் நாள் வீராசாமி அண்ணன், "ஒத்த மரம்தானே, கெடக்கட்டும் விடுடா," என்றுவிட்டார். அவ்வளவுதான். ஒருவருக்கும் அறிவில்லை, ஒரு பிள்ளைக்கு மத்தியானத் தூக்கம் இருந்தது. அதனால் ஒரு மரம் நின்றது. அதனால் நீ நிற்கிறாய், சுண்ணாம்பு வாளியோடு.

உன் சர்வேயரிடம் சண்டை போடாதே. தெரு வரட்டும், கடைகளும் வரட்டும், தெருவின் இரண்டு பக்கமும் நீயே நாலு அங்சானா நட்டுவை, என்னைப்போல ஒருவன் மூட்டையோடு வருவான். மேட்டில் சரிவாக இருக்கும் பக்கத்தையும் ஓடைக்கரையையும் மட்டும் விட்டுவிடு. ஈரத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்த மரங்களின் கோட்டை அழித்துவிடு. துணியில் போடும் சேங்கொட்டைக் குறி போகாது, செம்மண் கறை போகாது, சுண்ணாம்பு போகும். கறைகளைப் பற்றி நான் பொய் சொன்னதாக இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

இப்படியெல்லாம் எழுதினாலும் நீ உதட்டைச் சுழித்துக்கொண்டு, 'அப்பா ஆரம்பிச்சுட்டார்' என்றுதான் நினைப்பாய். அதனால் உன் அம்மா தன் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக்கொடுத்ததை இதோடு மடித்து அனுப்புகிறேன். இந்த ஊரில் என் கைக்கு வந்த துணிகளில் நான் வெளுக்காமல் வைத்திருப்பது இது ஒன்றுதான். உன் தூளி. அடிப்பக்கம் தொங்கிய முனையில் வெள்ளத்தின் செம்மண் ஏறி நின்ற கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. நீ படுத்திருந்த மடிப்பும் துணியில் தெரிகிறது. நான் இதுவரை சொன்னதில் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடு. இந்தக் கோட்டுக்கும் அந்த மடிப்புக்கும் நடுவில் எத்தனை விரல் இருக்கிறது என்று மட்டும் அளந்து பார். அளக்கிற வேலையில்தானே இருக்கிறாய். என் கதையில் உண்மை அந்த அளவுதான்.

உன் அப்பா